வலம் மூன்று, இடம் மூன்று

“26.12.2004. வேம்பு. வலம் 3. இடம்”

எண்பது பக்கக் கொப்பியொன்றின் முப்பத்தொன்பதாம் பக்கத்தில் நீல மையால் எழுதப்பட்ட வரி இது. ‘இடம்’ என்ற சொல்லுக்குப் பிறகு எண் இல்லை. கொப்பியின் மற்ற எல்லா வரிகளிலும் அந்த எண் இருக்கிறது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து மூன்று தரம் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன்.

கொப்பிக்குச் சொந்தக்காரர், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கல்லடியில், எங்கள் வளவுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்த ஒரு பெண். பெயரை எழுதுவதில்லை என்று அவருடைய மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மரம் அறுக்கும் மிசின் வாளின் சங்கிலிக்குக் கையால் கூர் போடுவது அவர் வேலை. கூர் போட்டு முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வரி எழுதுவார்: திகதி, கடைசியாக அறுத்த மரம், வலப்பக்கப் பற்களில் அரத்தை எத்தனை தரம் தள்ளினார், இடப்பக்கப் பற்களில் எத்தனை தரம் தள்ளினார். மிசின் வாளின் சங்கிலியில் ஒரு பல் வலம் பார்த்தால் அடுத்தது இடம் பார்க்கும். அவருடைய சங்கிலியில் முப்பத்தாறு பல், பக்கத்துக்குப் பதினெட்டு. வலத்துக்கு மூன்று தள்ளு என்றால் இடத்துக்கும் மூன்று. நான்கு என்றால் நான்கு. இந்தச் சமனை அவர் விரதம்போலக் காத்தார். பதின்மூன்று ஆண்டுக் கொப்பியில் ஒரே ஒரு வரியில் அது இல்லை.

குள்ளமான, நெஞ்சு அகன்ற பெண். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூலால் கட்டியிருக்கும். அரத்தைச் சைக்கிள் ரியூப் துண்டில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். கோயிலுக்குப் போனாலும் அது அங்கேதான். சங்கிலியைப் பார்க்கும்போது முகத்துக்கு நேரே பிடித்து வெயிலுக்குத் திருப்புவார். மழுங்கிய பல்லின் வாய் ஒரு வெள்ளைக் கோடாக மினுங்கும். கூரான வாயில் வெளிச்சம் தங்காது. “மினுங்கினா மழுங்கல்” என்பது அவர் வாக்கு. பக்கத்துத் தெருக் கலியாணமொன்றில், தலை முதல் கால் வரை சரிகையோடு வந்து இறங்கிய மாப்பிள்ளையைப் பார்த்தும் அதையே சொன்னார்.

எங்கள் வீட்டு முருங்கையை வெட்ட அந்த வாளை ஒருமுறை இரவல் கேட்டேன். வாள் தரவில்லை, அரம் பிடித்துக் காட்டச் சொன்னார். நான் அரத்தை முன்னும் பின்னும் தேய்த்தேன். ஐந்தாவது தேய்ப்பில் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, தேங்காயா துருவுறீங்க? போகக்குள்ள மட்டுந்தான் தொடவேணும். வரக்குள்ள தூக்கோணும். இழுத்தா அரமும் போச்சு, பல்லும் போச்சு.”

முருங்கையைக் கத்தியால் வெட்டினேன்.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர் வாளோடு வந்த நாளும் நினைவிருக்கிறது. நேராக வைத்தாலும் வளைந்தே அறுக்கிறது, சங்கிலி ஓடும் தகடு கோணிவிட்டது, புதுத் தகடு போட வேண்டும் என்றார். இவர் தகட்டைத் தொடவே இல்லை. சங்கிலியை மட்டும் பார்த்தார்.

“நீங்க சோத்துக்கையாலதானே அரம் போடுறீங்க?”

“ஓம்.”

“ஒரு பக்கம் உங்கட கைக்கு வசதி. மற்றப் பக்கம் வசதியில்ல. வசதியான பக்கத்துக்குக் கூடப் போட்டிருக்கீங்க. வாள் கூரான பக்கந்தான் இழுக்கும். தகட்டில பிழையில்ல, உங்கட கையிலதான்.”

வந்தவருக்குக் கோபம். ஆனாலும் இருந்தார். இவர் மற்றப் பக்கத்தைச் சமனாகும்வரை தள்ளிக் கொடுத்ததும் அங்கேயே ஒரு தென்னங்குற்றியை அறுத்துப் பார்த்தார். அறுத்த முகத்தில் கையை வைத்துத் தடவிவிட்டு வாளைத் தூக்கிக்கொண்டு போனார்.

இவர் கூர் போட்ட வீட்டு வாள் இவருடையதல்ல, மகளுடையது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும்; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். 2001இல் மகளுக்குக் கலியாணம் பேசியபோது வீட்டோடு வாளும் எழுதப்பட்டது. பேச வந்தவர்களிடம் இவர் சொன்னது எனக்கு நேரே கேட்டது: “மிசின் என்ர மகளுக்கு. மாப்பிள்ளை ஓட்டலாம். அரம் மட்டும் என்னட்டத்தான் இருக்கும்.” அதன்படியே ஒவ்வொரு நாளும் கூர் போட்ட சங்கிலிகள் இரண்டை மருமகனுக்குக் கொடுத்தனுப்புவார். இரண்டும் மழுங்கினால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டும்.

கொடுத்தனுப்புவார் என்றேன். கையில் கொடுத்ததில்லை. மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசாத வழக்கம் எங்களூரில் பழைய குடும்பங்கள் சிலவற்றில் உண்டு. மரியாதைதான் காரணம், பகை அல்ல. ஒரே வளவில், ஒரே வாளால் பிழைத்தபடி, இந்த இரண்டு பேரும் அதைக் கைவிடவில்லை. எல்லாப் பேச்சும் மகள் வழியாகத்தான் போய்வரும்.

பல்லுக்கு முன்னால் ஒரு சிறிய மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று வைத்திருப்பது அதுதான். அவர் அதைக் கடிவாளம் என்பார். பல் தேயத் தேய அதையும் தட்டை அரத்தால் சிறிது இறக்க வேண்டும். இறக்காவிட்டால் பல் மரத்தில் வழுக்கும், அதிகம் இறக்கினால் வாள் துள்ளும். கெதியாக அறுக்கட்டும் என்று மருமகன் ஒருநாள் யாரிடமோ தட்டை அரம் இரவல் வாங்கி எல்லாக் கடிவாளத்தையும் தரைமட்டமாக்கிவிட்டார். அன்று பின்னேரம் முழங்காலில் துணி கட்டிக்கொண்டு வந்தார். முற்றத்தில் மூன்று பேரும் நிற்கிறார்கள். நடுவில் நான்கு எட்டு இடைவெளிகூட இல்லை.

“பிள்ளை, அவரிட்டக் கேளு, கடிவாளம் அறுத்த குதிரையில ஆர் ஏறச் சொன்னதெண்டு.”

“மாமிட்டச் சொல்லு, வேலை கெதியா முடியட்டுமெண்டுதான் தேச்சனெண்டு.”

“கெதியா முடிஞ்சது வேலையா, காலா எண்டு கேளு.”

“நான் என்ன தபால் கந்தோரா?” என்றாள் மகள். “ரெண்டு பேருக்கும் வாய் இருக்குத்தானே.”

மகள் கடைக்குப் போயிருந்தால் முற்றத்துக் கோழிக்குச் சொல்வார். “கோழி, பெற்றோல் மூடி இறுகயில்ல.” மருமகன் கோழியைப் பார்த்தபடி மூடியை இறுக்குவார்.

2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு அவர்களுக்கு வேலை கூடிற்று. 2004இல் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, கடலோரத்தில் மறுபடி வீடு கட்ட விடமாட்டார்கள் என்ற பேச்சில் அவர்கள் 2005இலேயே வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம், உறவினர் வளவுக்குப் போய்விட்டார்கள். 2007 மார்ச்சில் சண்டைக்குப் பயந்து அங்கிருந்தும் சனங்களோடு வாவியைக் கடந்து ஓடி வந்தார்கள். மிசினைப் பொலித்தீனில் சுற்றி வரம்போரம் புதைத்துவிட்டு, சங்கிலியை மட்டும் பால்மாத் தகரப் பேணிக்குள் அரிசி மாவுக்கு அடியில் வைத்து இவர் சுமந்து வந்தாராம். இதை மகள்தான் சொன்னாள். நான் அப்போது அங்கே இல்லை. திரும்பிப் போனபோது மிசின் புதைத்த இடத்திலேயே இருந்தது.

போர் முடிந்த பிறகு வயல் வட்டைகளைச் சுற்றி நின்ற மரங்களுக்குள் இரும்பு இருந்தது. வெடித்த குண்டுகளின் சிதறல்கள், துப்பாக்கிச் சன்னங்கள். வாளை வைப்பதற்கு முன் இவர் மரத்தைச் சுற்றி வந்து உள்ளங்கையால் தடவுவார். பட்டை உதடுபோல மூடிய இடம் கையில் தட்டுப்பட்டால் சுண்ணாம்பால் வட்டம் போடுவார். அந்த இடத்தில் வாள் வைக்கக் கூடாது. அப்படியும் ஒரு மருதமரத்தில் தப்பு நடந்தது. வட்டத்துக்கு ஒரு சாண் கீழே, வெளியே தழும்பே இல்லாமல், ஒரு துண்டு உள்ளே இருந்தது. ஐந்து பல் முறிந்தது.

“புதுச் சங்கிலி வாங்குவமெண்டு மாமிட்டச் சொல்லு.”

“பல்லு இருக்கக்குள்ள என்னத்துக்குப் புதுசெண்டு கேளு.”

முறிந்த ஐந்தில் எது மிகவும் குட்டையோ அதை முதலில் கூராக்கினார். பிறகு மற்றப் பற்கள் எல்லாவற்றையும் அதன் அளவுக்குக் கொண்டுவந்தார். “குட்டைப் பல்லுக்குத்தான் மற்றதெல்லாம் இறங்கி வரவேணும். நெட்டைப் பல்லு மட்டும் கடிச்சா வாள் உதறும்.” இரண்டு காலைகள் எடுத்தது. கொப்பியில் அந்த வரி: “மருது. வலம் 22. இடம் 22.” முழுக் கொப்பியிலும் மிகப் பெரிய எண் அதுதான்.

இந்தத் தொழில் அவருக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாள் முதலில் அவருடைய கணவரின் வாள். 1990இல் ஒரு காலை, அரம் தேய்ந்துவிட்டது, புது அரம் வாங்கி வருகிறேன் என்று பாலத்தைக் கடந்து டவுனுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்த ஆண்டு அப்படித் திரும்பாதவர்கள் பலர். திகதி எனக்குத் தெரியும். கொப்பியில் அவர் அதை எழுதவில்லை. நானும் இங்கே எழுதவில்லை. சில மாதங்கள் தேடினார். பிறகு மழுங்கிய சங்கிலியை எடுத்து வைத்துக்கொண்டு, கணவரோடு வேலை செய்த ஒருவரிடம் பழைய அரமொன்றை வாங்கித் தள்ளத் தொடங்கினார். எத்தனை சங்கிலி பழுதானது என்று நான் கேட்டபோது, “பழுதாக்காமக் கை படியாது தம்பி” என்றார். பிற்காலத்தில் வீட்டில் எப்போதும் ஆறு புது அரம் இருக்கும். ஐந்தானால் மனம் ஒரு நிலையில் இராது.

எந்தப் பல்லில் தொடங்கினோம் என்று குறி வைக்காமல் அரம் போடுவது எல்லாரும் விடும் பிழை. சுற்றி வரும்போது சில பல்லில் இரண்டாம் தரமும் அரம் பட்டுவிடும். இவர் தொடங்கும் பல்லின் தலையில் சாந்துப் பொட்டு வைப்பார். கணவர் போன பிறகு நெற்றியில் பொட்டு வைப்பதா விடுவதா என்று அவருக்கு உறுதியாகச் சொல்ல ஆளில்லை. அவர் வைக்கவில்லை. சாந்துப் போத்தல் அரத்தோடு இருந்தது.

இனி, கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை.

என் கைக்கடிகாரத்தில் தண்ணீர் புகுந்து காலையிலேயே நின்றுவிட்டது. ஆகவே இந்தப் பகுதியில் நேரம் எதுவும் தரமாட்டேன். மற்றவர்களிடம் கேட்டு வாங்கிய நேரங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

மருமகன் விடியற்காலையிலேயே வாவிக்கு மேற்கே மரம் அறுக்கப் போயிருந்தார். இவர் பௌர்ணமிக்காக வாவிக்கரைக் கோயிலுக்குப் போயிருந்தார். மகள் மட்டும் வீட்டில். நான் வாவிப் பக்கத்து மாடிக் கட்டடமொன்றில் ஏறித் தப்பினேன். தண்ணீர் வடிந்து நான் எங்கள் வீடுகளிருந்த ஒழுங்கைக்கு வந்தபோது ஒழுங்கையே இல்லை. இவர்களுடைய வேம்பு வேரோடு சாய்ந்து கிணற்றுக் கட்டின் மேலும் இடிந்த குசினிச் சுவரின் மேலும் பாலம்போலக் கிடந்தது. அடியில், கட்டுக்கும் மரத்துக்கும் நடுவிலிருந்து மகளின் குரல் வந்தது. இடுப்புக்குக் கீழே மண்ணும் ஓடும். இடது கால் மரத்துக்கு அடியில்.

மருமகன் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். இரண்டு சங்கிலியும் காலை வேலையிலும், வரும் வழியில் விழுந்து கிடந்தவற்றை அறுத்ததிலும் மழுங்கிவிட்டன. வேம்பின் பட்டைக்குள் கடல் மண்ணை அடைத்து வைத்திருந்தது. மண்ணில் பட்ட பல் ஒரு நொடியில் போய்விடும். வாள் கத்தியது, புகைந்தது. உள்ளே இறங்கவில்லை. அவர் முழங்காலைக் கொடுத்து ஊன்றினார். தகட்டின் கீழிருந்து மாவாகக் கொட்டியது.

இவர் ஈரச் சேலையோடு ஓடி வந்தார். குனிந்து அந்த மாவை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். நல்ல கூர் என்றால் சீவல் வர வேண்டும்; மா வரக் கூடாது. கை நீட்டி மிசினை நிறுத்தினார்.

அந்தச் சத்தம் நின்றதும் மற்றவை கேட்டன. அடியில் மகள் “அம்மா” என்றாள். கடற்பக்கமிருந்து ஓடி வந்தவர்கள் “மறுகாவும் கடல் வருகுதாம், ஓடுங்க” என்றார்கள்.

இவர் தன் வலப்பக்கம் திரும்பி, “பிள்ளை, அவரிட்ட” என்று தொடங்கினார். சொல்லி அனுப்ப அங்கே ஆளில்லை. அப்போதுதான் மருமகனின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“மகன், இப்பிடி ஊண்டினா தகடு இறுகிரும். மறுகா நமக்கு வேற வாள் இல்ல. இஞ்ச தாங்க.”

“மாமி, அவள் செத்துருவாள்.”

“சாக மாட்டாள். கூப்பிடுறாள்தானே. நீங்க கையால மண்ணத் தோண்டுங்க.”

அவர் தோண்டினார். இவர் என்னைக் கூப்பிட்டு வாளைக் கிணற்றுக் கட்டின் மேல் அசையாமல் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். இடுப்பிலிருந்து அரத்தை எடுத்தார். முதலில் சேலைத் தலைப்பால் ஒவ்வொரு பல்லாக மண்ணைத் துடைத்தார். சாந்து இல்லை, தலைப்பிலிருந்து ஒரு நூலை இழுத்து முதல் பல்லில் கட்டினார். பிறகு தள்ளத் தொடங்கினார். தள்ளு, தூக்கு. தள்ளு, தூக்கு. தள்ளு, தூக்கு. அடுத்த பல். முற்றத்தில் வெயிலுக்கு இருந்து செய்யும் அதே வேகம்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. “அக்கா, நீங்க ஒரு தாயா? கடல் வருகுது.”

அவர் நிமிரவில்லை. “வாள ஆட்டாதீங்க தம்பி” என்றார்.

முடிந்ததும் நூலை அறுத்தெறிந்து வாளை மருமகனிடம் கையோடு கையாகக் கொடுத்தார்.

“மேலால மூண்டில ஒரு பங்கு. மறுகா கீழால ஏறி வாங்க. ஊண்டாதீங்க. வாளே திங்கும்.”

சீவல் பறந்தது. ஈரமான, நீளமான, மஞ்சள் சீவல். வாள் மேலிருந்து இறங்கியது, பிறகு கீழிருந்து ஏறியது. ஒரு தரமும் இறுகவில்லை. மரம் இரண்டாகி ஒரு பாதி உருண்டது. மகளை இழுத்து எடுத்தோம். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. சொல்லப்பட்ட அந்த அலை அதன்பின் வரவில்லை.

பாடசாலை முகாமில் நான்காம் நாள் அவர்களைப் பார்த்தேன். மகள் காலில் கட்டோடு படுத்திருந்தாள். மருமகன் பக்கத்தில் இருந்தார்.

“பிள்ளை, அவரிட்டச் சொல்லு, மிசின்ல உப்புக் காத்துப் படுகுது, எண்ணெய் போடட்டுமெண்டு.”

“ஏனம்மா, அண்டைக்கு நேராத்தானே கதைச்சீங்க?”

“அண்டைக்கு நீ இல்லையே.”

மருமகன் எழும்பி எண்ணெய் போட்டார். சாகும்வரை அவரோடு இவர் மறுபடி நேரே பேசியதாக நான் அறியவில்லை.

கொப்பி எப்போதும் மருமகன் கொண்டுபோகும் மிசின் பைக்குள் கிடக்கும். அதனால்தான் அது தப்பியது. அந்த வரியை அந்த ஞாயிறு மாலையே முகாமில் வைத்து எழுதினார் என்று மகள் சொல்கிறாள். 2013இல் அவர் இறந்த பிறகு மகள் கொப்பியைப் படியெடுக்கத் தந்தாள். அந்த வரியில் எண் இல்லை என்று எங்கள் இருவருக்கும் முன்பே தெரியும். அதை முதலில் கண்டது நான்தான், 2006இல் கொக்கட்டிச்சோலைக்கு அவர்களைப் பார்க்கப் போனபோது, அவர் கொப்பியைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில்.

அன்றிலிருந்து விசாரித்ததை இங்கே பதிகிறேன். மகள் சொல்வது: “வெளியில எல்லாரும் கத்தக்குள்ள எனக்கு அம்மாட அரச் சத்தம் மட்டுந்தான் மாமா காதில விழுந்தது. அது கேட்டவுடன பயம் போயிட்டுது. எண்ணினன். ஐம்பத்துநாலு. மறுகா மிசின் சத்தம்.” பதினெட்டுப் பல், பல்லுக்கு மூன்று: ஐம்பத்துநான்கு. அது ஒரு பக்கத்துக்குரிய கணக்கு. மருமகன் சொல்வது: “ரெண்டு பக்கமுந்தான் போட்டவ. மாமி ஒரு பக்கத்தோட விடுற ஆளா?” அவர் மண் தோண்டிக்கொண்டிருந்தார், இது பார்த்தவரின் சாட்சியல்ல, அறிந்தவரின் நம்பிக்கை. வேம்பின் ஒரு துண்டு 2006 வரை கிணற்றடியில் கிடந்தது. அறுத்த முகத்தில் நேர்மட்டம் வைத்துப் பார்த்தேன்; ஒரு பக்கம் மட்டும் கூரென்றால் அறுப்பு வளைந்திருக்க வேண்டும். மேல் அறுப்பும் கீழ் அறுப்பும் நடுவில் ஒரு படியாகச் சந்தித்திருந்தன. வளைவா படியா என்று பிரிக்க முடியவில்லை. பிறகு யாரோ அதை விறகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவரிடமே இரண்டு தரம் கேட்டேன். முதல் தரம், “மரம் அறுந்துதுதானே தம்பி” என்றார். இரண்டாம் தரம் 2011இல். வலம் பார்க்கும் பற்களை முடித்துவிட்டு, இடம் பார்க்கும் பற்களுக்காக வாளை மறுபுறம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“நீங்கதானே வாளப் பிடிச்சிருந்தீங்க.”

ஆம், நான்தான் பிடித்திருந்தேன். மற்றப் பக்கத்துக்கு அரம் போட வேண்டுமென்றால் வாளை நான்தான் திருப்பியிருக்க வேண்டும். என் கண் கடலில் இருந்தது. திருப்பியதாகவோ திருப்பவில்லை என்றோ என் கைகளுக்கு நினைவில்லை. 26.12.2004 அன்று இடப்பக்கப் பற்களில் அரம் பட்டதா என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.